கட்டியக்காரனும் வர்ணனையாளரும்

பதினெட்டாம் நாள் காலை. காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு, வந்தவாசிப் பக்கம் போனால், பாரதம் நடத்தும் திரௌபதி அம்மன் கோயில்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். திடலில் களிமண்ணைக் குழைத்துச் செய்த துரியோதனன், ஒரு வீட்டைவிட நீளமாக மல்லாந்து கிடக்கிறான். விடிய விடியக் கூத்தாடிய இரண்டு பேர், அரிதாரம் வியர்வையில் வழிய, அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். ஒருவர் பீமன், இன்னொருவர் துரியோதனன். யார் ஜெயிப்பார் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். அடி தொடையில்தான் விழும் என்பதும் தெரியும். இருந்தும் கூட்டம் முண்டியடிக்கிறது. முடிவு தெரிந்த சண்டைக்கு இப்படியொரு வேகமா என்று வெளியூர்க்காரர் கேட்டால், எங்கள் ஊர்க்காரர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

சின்ன வயதில் மல்யுத்த வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டுகளை வைத்துத் திண்ணையில் சண்டை போட்டவன் நான். அந்த மல்யுத்தமும் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம் என்று ஒரு அண்ணன் சொன்னபோது இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. 1989-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்த மல்யுத்தத்தை நடத்திய கம்பெனியே ஒப்புக்கொண்டது: நாங்கள் நடத்துவது போட்டி விளையாட்டு அல்ல, பொழுதுபோக்கு. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாடும் அதற்கான செலவும் தலைமேல் இருக்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன உண்மை அது. ‘விளையாட்டுப் பொழுதுபோக்கு’ என்று இன்று உலகம் பேசும் தொழில் அந்த வழியில் தழைத்தது. பாரதக் கூத்து அந்த ஒப்புதலை என்றைக்குமே மறைத்து வைத்ததில்லை.

சண்டை போடுகிறவர்களைப் பற்றி எழுதியவர்கள் நிறையப் பேர். எனக்கு எப்போதும் கண் போவது பக்கத்தில் நிற்கும் ஆள்மேல். கதையில் அவனுக்கு ராஜ்யம் கிடையாது, வில் கிடையாது, சாபம்கூடக் கிடையாது. பேச்சு மட்டும்தான் இருக்கிறது. கூத்தில் அவன் பெயர் கட்டியக்காரன். கிரிக்கெட்டில் வர்ணனையாளர். இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நகைச்சுவையை நம்பி வயிறு வளர்க்கலாமா, அதற்கு எங்கே பயிற்சி எடுப்பது என்று பிள்ளைகள் கேட்கிற காலம் இது. பதிலில் பாதி நம் ஊர்ப்புறத்திலேயே கிடக்கிறது.

முதலில் கட்டியக்காரன். கட்டியம் கூறுவது என்றால் ராஜா வருகிறார் என்று முன்னால் நின்று முழங்குவது. கூத்து இரவு பத்து மணிவாக்கில் தொடங்கும். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், முகவீணை எல்லாம் சுதி சேர்ந்து ஒரு சுற்று அதிர்ந்து ஓய்ந்ததும் முதலில் வருபவன் அவன்தான். பெரிய வேஷங்களுக்குத் தலையில் கிரீடம், தோளில் புஜக்கட்டை, மார்பில் மார்புக்கட்டை என்று கண்ணாடிச் சில்லு பதித்த மரச் சாமான் அத்தனையும் ஏறும். கட்டைக்கூத்து என்ற பெயரே அந்தக் கட்டைகளால் வந்தது. கட்டியக்காரனுக்கு அந்தப் பாரம் இல்லை. ஒரு குல்லாய், முகத்தில் நாலு கோடு, கோமாளிச் சட்டை. அவ்வளவுதான் முதலீடு.

இரண்டு பேர் திரையைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் துரியோதனன் வந்து நின்று பாடத் தொடங்குவான். காலும் கிரீடத்தின் நுனியும் மட்டும் தெரியும். திரை விலகியதும் உக்கிரமாக ஒரு சுற்று ஆடுவான். அந்த உக்கிரத்துக்கு எதிரில் போய் நின்று, ‘ஆமா, நீங்க யாருங்க?’ என்று கேட்பவன் கட்டியக்காரன். அஸ்தினாபுரத்துச் சக்கரவர்த்தி தன் பெயரையும் குலத்தையும் பெருமையையும் அந்த ஒரு கேள்விக்காகத்தான் சொல்லியாக வேண்டும். ராஜா செந்தமிழில் சொல்வதைக் கட்டியக்காரன் ஊர்த் தமிழில் திருப்பிப் போடுவான். சபை என்றால் பஞ்சாயத்து ஆபீஸ். தூது என்றால் தாலுகா ஆபீசுக்கு மனு. சிரித்துக்கொண்டே கூட்டம் கதைக்குள் வந்துவிடும்.

இரவு முழுக்க அவனுக்கு ஒரே ஒரு வேலை என்று கிடையாது. இந்த நிமிஷம் வாயிற்காவலன், அடுத்த நிமிஷம் தூதுவன், அதற்கடுத்து ஐயர், கிழவி, ஊர்ப் பைத்தியம். நடிகர் ஒருவர் வேஷம் கட்டி முடிக்க நேரமானால் அந்த இடைவெளியை இவன்தான் நிரப்ப வேண்டும். யாருக்காவது வசனம் தட்டினால் கேள்வி கேட்கிற சாக்கில் அடுத்த அடியை எடுத்துக் கொடுக்க வேண்டும். ஆகவே தன் பாட்டு மட்டும் தெரிந்தால் போதாது. எல்லார் பாட்டும் தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கோமாளி என்றால் கடைநிலை வேஷம் என்று தோன்றும். நான் பார்த்த அளவில், ஒரு ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், விவரம் தெரிந்த ஆள் யார் என்று அதை நடத்தும் வாத்தியாரைக் கேட்டால், அவர் விரல் பெரும்பாலும் கட்டியக்காரன் பக்கம்தான் நீளும்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு சுருக்கமான வழி இருக்கிறது. கோர்வைப் புடவை நெய்யும்போது தறிக்காரருக்குப் பக்கவாட்டில் ஓர் உதவியாள் உட்கார்ந்திருப்பார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் ஒவ்வொரு இழையிலும் பிணைக்க அந்த ஆள் நாடாவை வாங்கிக் கோத்துக் கொடுக்க வேண்டும். ஒரு தப்படி தவறினால் உடலும் கரையும் பிரிந்து நிற்கும். புடவையை விரித்துப் பார்க்கும் யாரும் அந்தப் பக்கத்து ஆளை நினைப்பதில்லை. பாரதம் உடல் என்றால் ஊர் கரை. கட்டியக்காரன் உட்கார்ந்திருப்பது அந்த இடத்தில்.

இனி வர்ணனையாளர். எங்கள் வீட்டுத் தறிக்கூடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் ஆணியில் தொங்கும். பொங்கலையொட்டிச் சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடந்த காலங்களில் தறிச் சத்தத்துக்கு மேலே தமிழ் வர்ணனை ஒலிக்கும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பாரின் குரல் அப்படி என் காதில் ஏறியதுதான். அவர் வானொலி நாடகத்தில் பழகிய குரல்; 2020 டிசம்பரில் மறைந்தார். பந்து எங்கே குத்தியது, மட்டையின் எந்தப் பகுதியில் பட்டது, எந்தத் திசையில் ஓடுகிறது, யார் துரத்துகிறார் என்று ஒரே மூச்சில், இலக்கணம் பிசகாமல் அடுக்குவார். இன்னொருவர் கூத்தபிரான். சிறுவர்களுக்கு ‘வானொலி அண்ணா’, நாடகக்காரர். நடராஜன் என்ற இயற்பெயரைத் தமிழாக்கிக் கூத்தபிரான் என்று வைத்துக்கொண்டவர். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தபோதுதான் அந்தப் பெயரின் பொருத்தம் உறைத்தது. கிரிக்கெட்டைத் தமிழில் சொன்ன முதல் தலைமுறைக் குரல்கள் மைதானத்திலிருந்து மட்டும் வரவில்லை. நாடக மேடை வழியாகவும் வந்தன.

ஆனால் அவர்களைக் கட்டியக்காரனோடு ஒப்பிட முடியாது. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். ரேடியோக்காரர் சொன்னால்தான் ஆட்டம் உண்டு, சொல்லாவிட்டால் இருட்டு. பாரத விழாவில் அந்த வேலையைச் செய்பவர் வேறொருவர் இருக்கிறார். பகலில் கோயில் பந்தலில் உட்கார்ந்து, வில்லிபாரதத்தைப் பாடிப் பொருள் சொல்லும் பிரசங்கியார். கண்ணுக்குத் தெரியாத குருக்ஷேத்திரத்தைச் சொல்லாலேயே கட்டி எழுப்புவது அவர் பொறுப்பு. அங்கே சிரிப்பு இருந்தாலும் ஊறுகாய் அளவுதான். அதே கதை இரவில் கூத்தாகும்போது எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, விவரிக்கத் தேவையில்லை. அப்போதுதான் கட்டியக்காரனுக்கு இடம் பிறக்கிறது. பகலில் பிரசங்கி, இரவில் கட்டியக்காரன் என்று ஒரே விழா இரண்டு பேரையும் தனித்தனியே வைத்திருக்கிறது.

தமிழ்க் கிரிக்கெட் வர்ணனையிலும் பிரசங்கியிடமிருந்து கட்டியக்காரனுக்கு மைக் கைமாறியது. 2017-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் தொடங்கியபின் அந்த மாற்றம் பட்டவர்த்தனமானது. எல்லாரும் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பந்து எங்கே போனது என்று சொல்ல ஆள் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். அந்த நாற்காலிக்கு ஆர்.ஜே. பாலாஜி வந்தார். கோவையில் பண்பலை வானொலியில் தொடங்கி, சென்னையில் பிக் எஃப்எம்மில் ‘கிராஸ் டாக்’ என்ற தொலைபேசிக் குறும்பு நிகழ்ச்சியால் பெயர் வாங்கி, 2013-இல் சினிமாவுக்குள் நுழைந்தவர். கிரிக்கெட் ஆடிப் பெயர் எடுத்தவர் இல்லை. அதுவே அவருக்கு மூலதனம். ஸ்ரீகாந்தும் பத்ரிநாத்தும் ஆடி முடித்தவர்களின் அதிகாரத்தோடு பேசும்போது, இவர் டீக்கடை பெஞ்சின் சார்பில் குறுக்கே கேட்பார். ‘நீங்க யாருங்க?’ என்ற அந்தப் பழைய கேள்விதான் அது.

‘கமெண்டரியா, காமெடி ஷோவா?’ என்று அப்போது கோபப்பட்டவர்கள் ஏராளம். என் மாமா ஒருவர் சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பார். அவர் ஜப்பாரை எதிர்பார்த்து டிவி முன்னால் உட்கார்ந்தவர். பிரசங்கம் கேட்க வந்தவருக்குக் கூத்து கிடைத்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். அவர் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு தொழிலிலும் காசு எப்படி வருகிறது என்பதைப் பார்த்தால் உறவு இன்னும் துலங்கும். கூத்து நடுவே யாராவது எழுந்து வந்து, ஆடுகிறவர் உடையில் ஐம்பது ரூபாயைக் குத்துவார். உடனே ஆட்டம் நிற்கும். கட்டியக்காரன் அந்த நோட்டைக் காட்டி, இன்ன தெரு, இன்னார் மகன், இன்னாருடைய அன்பளிப்பு என்று முழங்கி வாழ்த்துவான். திரௌபதி துகிலுரியப்பட்டு அழுதுகொண்டிருக்கும் கட்டமானாலும் சரி. படித்தவர்கள் இதைக் கண்டு முகம் சுளிப்பதுண்டு. சுளித்த அதே முகம், ஐபிஎல் தொடக்க ஆண்டுகளில் ஒவ்வொரு சிக்ஸரையும் ‘டிஎல்எஃப் மேக்சிமம்’ என்றும் பிடித்த கேட்சை ‘கார்பன் கமால் கேட்ச்’ என்றும் வர்ணனையாளர்கள் கூவியபோது சும்மா இருந்தது. ஊர் அன்பளிப்பிலாவது கொடுத்தவர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். கட்டியக்காரன் அவருக்கு வாழ்த்தோடு ஒரு கிண்டலையும் சேர்த்துக் கொடுப்பான். ‘போன வருஷம் நூறு, இந்த வருஷம் அம்பதா? நெல்லு விளையலையா?’ என்று கேட்டால் கூட்டத்தோடு அவரும் சிரிப்பார். கம்பெனிப் பெயரைச் சொல்லும் வர்ணனையாளர் அப்படிக் கேட்டுவிட்டு மறுநாள் வேலைக்கு வர முடியுமா?

சம்பளத்தில் ஒப்பீடே கிடையாது. கூத்துக்கு மாசியிலிருந்து ஆடிவரைதான் நல்ல வேலை. சீசனுக்கு முன்பே வாத்தியார் முன்பணம் கொடுத்து நடிகரைத் தன் ஜமாவில் நிறுத்திக்கொள்வது வழக்கம். வாங்கிய முன்பணம் கல்யாணத்துக்கும் வைத்தியத்துக்கும் கரைந்துபோக, சீசன் முழுக்க ஆடிக் கழிப்பவர்கள் உண்டு. மற்ற மாதங்களில் விவசாயக் கூலி, கட்டட வேலை, எங்கேயாவது கருமகாரியத்துக்கு ‘கர்ண மோட்சம்’ ஆட ஓர் அழைப்பு. நோட்டீஸில் ஜமாவின் பெயர் பெரிதாக இருக்கும். கட்டியக்காரனின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வர்ணனை நாற்காலியிலிருந்து போகும் பாதையோ வேறு. பாலாஜி 2019-இல் ‘எல்கேஜி’யில் கதாநாயகன், 2020-இல் ‘மூக்குத்தி அம்மன்’ படத்துக்கு என்.ஜே. சரவணனோடு சேர்ந்து இயக்குநர். தொலைக்காட்சித் தொகுப்பாளராக இருந்த பாவனா பாலகிருஷ்ணன் பாட்டுப் போட்டி மேடையிலிருந்து கிரிக்கெட் மைதானத்துக்குப் போனார். வர்ணனை அங்கே ஒரு படிக்கட்டு. கட்டியக்காரனுக்கு அதுவே வீடு. அதற்கு மாடி இல்லை.

பயிற்சிக்கு வருகிறேன். வர்ணனைக்கு வந்தவர்கள் வானொலியிலோ மைதானத்திலோ மேடையிலோ பழகியவர்கள். வர்ணனையை வேலையில் இருந்துகொண்டே கற்றார்கள். கட்டியக்காரன் சின்னப் பையனாகத் திரை பிடித்து, சில்லறை வேஷம் கட்டி, தூங்கி விழுந்து, திட்டு வாங்கி வளர்ந்தவன். இந்த முறையை மாற்றிப் பார்த்த ஓரிடம் காஞ்சிபுரத்தின் பக்கத்திலேயே இருந்தது. பெருங்கட்டூர் பொன்னுசாமியின் மகன் பி. ராஜகோபால், கூத்துக் குடும்பத்தில் பிறந்து பத்து வயதுவாக்கிலேயே ஆடத் தொடங்கியவர். 1990-இல் கட்டைக்கூத்துச் சங்கம் உருவாவதில் முன்னின்றார். நெதர்லாந்திலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஹன்னே டி ப்ருயினும் அவரும் சேர்ந்து 2002-இல் புஞ்சரசந்தாங்கலில் குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள், கூத்தும் கற்றார்கள். தூக்கத்தை விற்றுக் கற்க வேண்டியதில்லை என்பது முதல் மாற்றம். ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கூத்தில் பெண் பிள்ளைகள் ஆண் வேஷமும் கட்டியது இரண்டாவது. கட்டியக்காரி என்ற சொல்லுக்கு அங்கே ஆள் கிடைத்தது. சுமார் பதினெட்டு ஆண்டு நடந்து அந்த உறைவிடப் பள்ளி மூடப்பட்டது. அங்கே படித்த திலகவதி பழனி இன்று தனியாகக் குழு நடத்துகிறார்.

கட்டியக்காரி வந்ததால் சிரிப்பும் மாற வேண்டியிருந்தது. இதை மறைக்கக் கூடாது. பழைய கட்டியக்காரப் பேச்சில் பாதி பச்சை. பெண்ணைப் பற்றியோ சாதியைப் பற்றியோ உடற்குறையைப் பற்றியோ அடிக்கும் கிண்டல்தான் விடியற்காலை மூன்று மணிக்குச் சுலபமாகக் கைகொடுக்கும். கண் சொருகும் கூட்டத்தை எழுப்ப அதுவே குறுக்கு வழி. ஒரு பெண் அந்த இடத்தில் நிற்கும்போது குறுக்கு வழி அடைபட்டு, வேறு வழி தேடியாக வேண்டியிருக்கிறது. வர்ணனைக்கும் தனக்கென்று ஒரு குறுக்கு வழி உண்டு: சினிமா வசனம். பந்து பறந்தால் ரஜினி, கேட்ச் தவறினால் வடிவேலு. முதல் பத்து ஓவர் இனிக்கும். பிறகு ஆட்டத்தில் என்ன நடந்தாலும் அதற்கு ஒரு வசனம் தயாராக இருக்கிறது. ஆட்டத்தைப் பார்த்துப் பிறந்த சிரிப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. என் மாமாவின் கோபத்தில் இருந்த நியாயம் இதுதான். நல்ல கட்டியக்காரன் துரியோதனனைப் பார்த்துக்கொண்டேதான் பேசுவான். கதையை விட்டு ஊருக்குள் போனாலும் அடுத்த பாட்டுக்குள் திரும்பி வந்துவிடுவான். பின்பாட்டுக்காரர்கள் காத்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

அளவிலும் ஒரு வித்தியாசம். ஐபிஎல்லில் ஓர் இன்னிங்ஸுக்கு நூற்றிருபது பந்து, முழு ஆட்டம் நாலு மணி நேரத்துக்குள், நடுவே ஆள் மாற்றி ஆள் பேசுவார்கள். கட்டியக்காரனுக்கு மாற்று ஆள் கிடையாது. ஏழெட்டு மணி நேரம். அதே ஊருக்கு அடுத்த வருஷமும் வர வேண்டும் என்பதால் பழைய ஜோக்கை அப்படியே சொல்லவும் முடியாது. முன்வரிசைக் கிழவி ஞாபகம் வைத்திருப்பாள்.

கடைசியாக, இரண்டு பேரையும் நான் தராசில் வைக்கும்போது முள்ளைச் சாய்க்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கட்டியக்காரன் துரியோதனனை அவன் முகத்துக்கு நேரே கேலி செய்யலாம். சபை நடுவே ஒரு பெண்ணின் துகிலை உரியச் சொன்னவனிடம், ‘இது ராஜா செய்யற வேலையா?’ என்று கேட்கலாம். ராஜா உறுமுவான், கட்டியக்காரன் பயப்படுவதுபோல் நடித்துவிட்டு மறுபடியும் கேட்பான். வர்ணனையாளர் கேலி செய்வதோ தோற்றவனை, கேட்சை விட்டவனை, எல்லைக்கோட்டில் தடுக்கி விழுந்தவனை. ஆட்டத்தை நடத்துகிறவர்களையும் நட்சத்திரங்களையும் தொடுவதற்கு அந்த நாற்காலியில் இடம் கம்மி. இது ஆளின் குறை என்று நான் சொல்லவில்லை. நாற்காலி யாருடையது என்பதைப் பொறுத்த விஷயம். கொஞ்சம் தாராளமான கேலியைக் கேட்க வேண்டுமென்றால் ஆடியவர்களே சொந்தமாகப் பேசும் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. அஸ்வின் தன் யூடியூப் சேனலில் ‘ஹலோ துபாயா’ என்று உட்கார்ந்து பேசியபோது, தன்னையே கிண்டலடித்துக்கொண்டது எனக்கு அதனால்தான் பிடித்தது.

பணம், பெயர், வசதி மூன்றிலும் வர்ணனையாளர் ஜெயிக்கிறார். அதில் வழக்கே இல்லை. கைத்திறனில் என் தீர்ப்பு கட்டியக்காரனுக்கு. மைக்கைப் பிடித்துச் சிரிக்க வைத்துப் பிழைக்கலாம் என்று நினைக்கிற தம்பி தங்கைகள் சென்னையில் வகுப்பு தேடும் முன்பு, பங்குனி சித்திரையில் ஒரு ராத்திரி காஞ்சிபுரத்திலிருந்து கடைசி பஸ் ஏறி ஒரு கூத்துக்குப் போய்விட்டு வாருங்கள். போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், பனி இறங்கும். ஆர்மோனியக்காரருக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் கட்டியக்காரன் மைக்குக்கு வெளியே முணுமுணுப்பதும் காதில் விழும். மூன்று மணிக்கு எழுந்து வந்துவிடாதீர்கள். அவன் வேலை செய்வதே அதற்குப் பிறகுதான்.